கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பூச்செண்டு அனுப்புவது எப்படி?

பூ அனுப்ப நினைக்கிறவர்கள் அநேகமாகப் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடையின் பக்கத்தைத் திறந்து, சிவப்பா வெள்ளையா, பன்னிரண்டு ரோசாவா இருபத்துநான்கா என்று அரைமணி நேரம் யோசிப்பார்கள். முகவரியை மட்டும் கடைசியில் அவசரமாக அடித்து அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். யார் வாசலுக்கு, எத்தனை மணிக்கு, யார் கையில் என்பது முடிவான பிறகுதான் எந்தப் பூ என்ற பேச்சு. இந்த ஊர் வெயிலிலும் நெரிசலிலும் பூச்செண்டுகள் வாடிப்போவது பெரும்பாலும் கடையில் இல்லை. கடைக்கும் கதவுக்கும் இடையில்தான்.

கீழே இருப்பது, வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ முதல் தடவை அனுப்புகிறவர்களுக்கு.

1. முகவரி

கொழும்பு மாநகரம் 01 தொடங்கி 15 வரை தபால் வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. பம்பலப்பிட்டி 04, வெள்ளவத்தை 06, பொரளை 08, கொட்டாஞ்சேனை 13. பேச்சில் தெஹிவளையையும் வத்தளையையும் நுகேகொடையையும் "கொழும்பு" என்றே சொல்கிறோம். ஆனால் அவை இந்த இலக்கங்களுக்கு வெளியே இருப்பவை. பூக்கடைகள் டெலிவரிக் கட்டணத்தை இடத்தைப் பார்த்துத்தான் போடுகின்றன. ஆகவே ஊர்ப்பெயரையும் வலய இலக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தெருப்பெயரை ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. எண்பதுகளில் ஊரை விட்டுப் போனவர்கள் இன்றைக்கும் வெள்ளவத்தையில் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். பெயர்ப்பலகையில் அது டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை. டூப்ளிகேஷன் ரோட் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை ஆகிவிட்டது. டூப்ளிகேஷன் என்றால் இன்றும் எல்லோருக்கும் விளங்கும். ஹை ஸ்ட்ரீட் என்றால் இருபது வயது டெலிவரிப் பையனுக்கு விளங்காது.

ஒழுங்கைகளில் வீட்டிலக்கம் வரிசையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு வளவைப் பிரித்து மூன்று வீடு கட்டியிருப்பார்கள். 14, 14/1, 14/1ஏ என்று போகும். அதில் ஒன்று பின்வாசலால் அடுத்த ஒழுங்கையில் திறக்கும். அதனால் இலக்கத்தோடு ஓர் அடையாளமும் கொடுங்கள்: சவோய் தியேட்டருக்கு எதிர்ப்பக்கம், இராமகிருஷ்ண மிஷன் தாண்டி இடது கைப்பக்கம், கடற்கரைப் பக்கமா காலி வீதிக்கு மற்றப் பக்கமா. இவற்றையெல்லாம் விட நல்லது, அந்த வீட்டு வாசலில் நிற்கும் ஒருவரிடம் வட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லி, அதையே கடைக்கு அனுப்பிவிடுவது.

தொடர்மாடி என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாசலில் இருக்கும் செக்யூரிட்டியின் கொப்பியில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும். வாடகைக்கு இருக்கும் உங்கள் சித்தியின் முழுப்பெயர் அவருக்குத் தெரியாது. செக்யூரிட்டிக்குச் சித்தி வெறும் "மூன்றாம் மாடி அன்ரி". மாடி, வீட்டிலக்கம், அங்கே அவரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்ற மூன்றையும் எழுதினால் பூ வெயிலில் காத்திருக்காது.

2. தொலைபேசி இலக்கம்

முகவரி எவ்வளவு சரியாக இருந்தாலும் டெலிவரிப் பையன் போன் எடுப்பான். அது இங்கே வழக்கம். எனவே முழுக்க முழுக்க இரகசியமாக ஒரு பூச்செண்டை இறக்குவது கஷ்டம். அம்மாவுக்குச் சொல்லாமல் கொடுக்க வேண்டுமென்றால், அதே வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒருவருடைய இலக்கத்தைக் கொடுத்து, அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பையன் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசத் தொடங்குவான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகளோடு இருக்கும் அம்மம்மா, தெரியாத இலக்கத்திலிருந்து சிங்களத்தில் ஓர் அழைப்பு வந்தால் "ரோங் நம்பர்" என்று வைத்துவிடுவார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. சிங்களம் பேசக்கூடிய ஒருவரின் இலக்கத்தை இரண்டாவதாகச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இலங்கைக் கைத்தொலைபேசி இலக்கம் 07இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். வெளிநாட்டு முறையில் +94 போட்டால் முன்னுள்ள 0 போய்விடும். சில படிவங்களில் இரண்டையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். அந்த அழைப்பு எங்கேயும் போகாது.

3. நாளும் நேரமும்

இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்கள். கோடையில் ரொறன்ரோ நேரம் கொழும்புக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. சிட்னியும் மெல்பேணும் மறுபக்கம். அங்கே நமக்கு முன்னாலேயே விடிந்துவிடும். மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். ரொறன்ரோவில் சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு "நாளைக்கு அம்மாவுக்குப் பூ" என்று உட்கார்ந்தால், கொழும்பில் அப்போது ஞாயிறு காலை ஆறரை. அந்த நாளுக்கான ஓடர்களை நல்ல கடைகள் அதற்குள் மூடிவிட்டிருக்கும்.

சாதாரண நாளுக்கு ஒரு நாள் முன்பே சொன்னால் போதும். பெப்ரவரி 14, அன்னையர் தினம், ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம், கிறிஸ்மஸ் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பெப்ரவரி 14க்குச் சிவப்பு ரோசா விலை ஏறும். அந்த நாளில் ரோசாவைத் தவிர எதை அனுப்பினாலும் அதே காசுக்கு இரண்டு மடங்கு நல்ல பூச்செண்டு கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம், கேட்பவர்கள்தான் குறைவு.

சித்திரைப் புத்தாண்டுக்கு நகரமே காலியாகிவிடும். ஏப்ரல் 13, 14ஐ ஒட்டிய நாட்களில் கடையில் பூ இருந்தாலும் கொண்டுபோக ஆள் இருக்காது. போயா எனப்படும் பூரணை விடுமுறை நாட்களிலும் கடை திறந்திருக்குமா என்று முதலே கேளுங்கள்.

நாளுக்குள் எந்த நேரம்? காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள். அதற்கு முன் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் போகும் நெரிசல். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால் பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒன்றும் நகராது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியும் டூப்ளிகேஷனும் ஒருவழிப் பாதைகள். ஓர் ஒழுங்கையைத் தவறவிட்டால் முழுச்சுற்றுச் சுற்றித்தான் திரும்பி வர வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் ஆனால் இடிமழை. காலை நேரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஏதாவது பிழைத்தால் கடை திறந்திருக்கும்போதே திருத்தலாம்.

4. இப்போது பூ

கொழும்புக் கடைகளில் இருக்கும் பூக்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். மலையிலிருந்து இறங்குபவை ஒரு பக்கம்: ரோசா, கார்னேஷன், லில்லி, ஜெர்பரா, செவ்வந்தி. நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்ந்தவை. இவற்றோடு இறக்குமதிப் பூக்களும் கலந்திருக்கும். கீழ்நாட்டுப் பூக்கள் மறு பக்கம்: அந்தூரியம், ஓர்க்கிட். கம்பஹா, களுத்துறைப் பக்கத்து ஈரச்சூட்டில் வளர்பவை.

இந்த வித்தியாசம் வீட்டுக்குள் போனதும் தெரியும். குளிர்சாதனம் இல்லாத ஒரு வெள்ளவத்தை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, ரோசா மூன்று நான்கு நாள் நின்றால் பெரிய விஷயம். ஓர்க்கிட் ஒரு வாரத்தைத் தாண்டும். அந்தூரியம் இரண்டு வாரம்கூட அசையாமல் நிற்கும். அதைப் பழைய காலத்துக் கலியாண மண்டபப் பூ என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை நிறத்திலும் மங்கிய இளஞ்சிவப்பிலும் வரும் சிறிய அந்தூரியத்தை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் இந்தக் கீழ்நாட்டுப் பூக்களைத்தான் சொல்வேன். தினமும் தண்ணீர் மாற்ற, தண்டு வெட்ட, உதிர்ந்ததைப் பொறுக்க அங்கே ஆள் இல்லை.

ஒரு கலவைச் செண்டு வேண்டுமென்றால், நடுவில் ஓர்க்கிட், சுற்றி நாலைந்து ரோசா என்று கேட்கலாம். ரோசா போன பிறகும் மிச்சம் நிற்கும்.

கடைக்கு நேரே போகக்கூடியவர்கள் கையால் பார்த்து வாங்குங்கள். ரோசாவின் இதழ்கள் தண்டோடு சேரும் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். இறுக்கமாக இருந்தால் புதியது. பஞ்சு மாதிரி அமுங்கினால் வேண்டாம். வெளி இதழ் ஒன்றிரண்டு கறுத்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அவை உள்ளிருப்பதைக் காக்கும் இதழ்கள். கடைக்காரர் கழற்றித் தருவார். லில்லியில் ஒரு மொட்டு விரியத் தொடங்கி, மற்றவை நிறம் காட்டிக்கொண்டு மூடியிருப்பதை எடுங்கள். செவ்வந்தியில் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். முதலில் மஞ்சளாவது இலைதான். ஜெர்பராவின் கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும். நீலச்சாயம் ஏற்றிய ரோசா, மினுக்கம் தூவிய ரோசா எதையும் நான் வாங்கமாட்டேன். அந்தப் பூச்சுக்குக் கீழே பூவின் வயது தெரியாது.

பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம். அதன் மகரந்தமும் இதழும் இலையும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வெள்ளை துக்கத்தோடு சேர்ந்த நிறம். செத்தவீட்டுத் தெருவில் கட்டுவதும் வெள்ளைக் கொடிதான். இளையவர்கள் பொருட்படுத்துவதில்லை, கலியாணப் பெண்ணின் கைச்செண்டும் வெள்ளையாக வருகிறது. ஆனால் எழுபது வயது மாமிக்குப் பிறந்தநாளென்று முழு வெள்ளைச் செவ்வந்தி போனால் முகம் மாறும். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்றால் பிரச்சினையே இல்லை.

5. எங்கே சொல்வது

மூன்று வழிகள். கப்ருகா, லஸ்ஸன புளோரா போன்ற பெரிய இணையக்கடைகளில் வெளிநாட்டு வங்கி அட்டையால் நேரே கட்டலாம். கேக், சொக்லேட் என்று சேர்த்தும் அனுப்பலாம். வெளிநாட்டில் இருந்து முதல் தடவை செய்பவர்களுக்கு இது சுலபம். படத்தில் இருக்கும் அளவை மட்டும் அப்படியே எதிர்பார்க்காமல், எத்தனை தண்டு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

இரண்டாவது, வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும் சிறிய பூக்கடைகள். அன்றைக்கு என்ன பூ வந்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், பேரம் பேசலாம், பிடிக்காததை மாற்றலாம். வங்கிக்குக் காசு போட்டு, ஸ்லிப்பைப் படமாக அனுப்புவதுதான் நடைமுறை. முன்பின் தெரியாத கடை என்றால் முதல் ஓடரைச் சிறியதாகக் கொடுங்கள்.

மூன்றாவதை அநேகம் பேர் மறந்துவிடுகிறார்கள்: கோவிலடிப் பூக்காரர்கள். செட்டியார் தெருக் கோவில்கள், ஜிந்துப்பிட்டி, பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில், இந்த வட்டாரங்களில் மாலையும் மல்லிகைச் சரமும் கட்டித் தருவார்கள். வீட்டில் பூசை, புதுமனை, வெள்ளிக்கிழமைப் பிறந்தநாள் என்றால், கடதாசியில் சுற்றிய ரோசாவை விட வாழையிலையில் பொதிந்த ஒரு முழம் மல்லிகை அம்மாவுக்குப் பெரிது. இவர்களிடம் இணையத்தளம் இல்லை. முதல்நாளே போனில் சொல்லி, காலையில் பிக்மீ போன்ற செயலியில் ஒரு முச்சக்கரவண்டியைப் பொருள் எடுத்துவர அனுப்ப வேண்டும்; அல்லது வழக்கமாக வரும் ஓட்டோ அண்ணரிடம் காசைக் கொடுத்துவிட வேண்டும். மல்லிகை பதினொரு மணிக்கு மேல் தாங்காது.

வண்டியைப் பற்றியும் கேளுங்கள். பெட்டியில் அடைத்த சிறிய அலங்காரம் மோட்டார்சைக்கிளில் போகலாம். திறந்த செண்டு, அதிலும் லில்லி, மோட்டார்சைக்கிளில் தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனை போவதற்குள் காற்றில் கிழிந்துவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது முச்சக்கரவண்டி அல்லது கார் என்று சொல்லுங்கள்.

6. கடைக்கு அனுப்பும் செய்தி

எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்பினால் கடையில் கைமாறும்போது ஒன்றும் தவறாது. முழு முகவரியோடும் தொலைபேசி இலக்கங்களோடும் இப்படி எழுதலாம்:

"வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் வெள்ளவத்தைக்கு. இளஞ்சிவப்பு ஓர்க்கிட், ஐந்து மஞ்சள் ரோசா. ரோசா இல்லாவிட்டால் மஞ்சளில் வேறு பூ சரி, வெள்ளை மட்டும் வேண்டாம். தண்டு நுனியில் ஈரப்பஞ்சு சுற்ற வேண்டும். முச்சக்கரவண்டியில் அனுப்புங்கள். முதலில் மகளுடைய இலக்கத்துக்கு அழையுங்கள், அம்மாவுக்கு வேண்டாம். கட்டி முடிந்ததும், வெளியே போவதற்கு முன், ஒரு படம் அனுப்புங்கள்."

சொன்ன பூ இல்லாவிட்டால் கடைக்காரர் வேறொன்றை வைப்பார், அது தொழிலில் சகஜம். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கையில் இருப்பதுதான் வரும். செய்தியைத் தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். கட்டுகிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரிய வேண்டுமே.

அதே காரணத்துக்காக வாழ்த்து அட்டையிலும் கவனம் தேவை. தமிழில் தட்டச்சு செய்து அனுப்பும் வரி, கடையின் கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக அச்சாகி வரலாம், கொம்பும் காலும் இடம் மாறியும் வரலாம். நீங்களே வெள்ளைத்தாளில் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பி, அதை அப்படியே அச்சிட்டு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்திலேயே போய்ச் சேரும். அனுப்புபவர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். பெயரில்லாத பூச்செண்டு வந்தால் அன்று முழுவதும் அந்த வீட்டில் விசாரணைதான்.

7. ஆஸ்பத்திரியும் துக்கவீடும்

ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்புவதை நான் அவ்வளவாக ஊக்குவிப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பூவை விடமாட்டார்கள். அரச ஆஸ்பத்திரி வாட்டுகளில் பார்க்கப் போகும் நேரம் மதியமும் மாலையும் கொஞ்சம்தான். டெலிவரிப் பையனால் உள்ளே போக முடியாது. தனியார் ஆஸ்பத்திரிகளில் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், மேலே போவது எப்போது என்று தெரியாது. வீட்டுக்கு வந்த மறுநாள் அனுப்புங்கள். பிள்ளை பிறந்த வீடென்றாலும் அப்படியே, மணம் குறைந்த பூவாக.

துக்கவீட்டுக்கு அனுப்புவது மலர்வளையம். பொரளைக் கனத்தை மயானத்தைச் சுற்றியுள்ள பூக்கடைகள் அவசரத்துக்கும் கட்டித் தருவார்கள். அனுப்புபவர்களின் பெயரைப் பட்டியில் எழுதுவார்கள். எழுத்துக்கூட்டலைப் படமாக அனுப்பிச் சரிபாருங்கள். உடல் வீட்டிலா மலர்ச்சாலையிலா, தகனம் எத்தனை மணிக்கு என்று கேட்டு, குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேரும்படி சொல்லுங்கள். மலர்வளையம் வேண்டாம் என்று குடும்பம் அறிவித்திருந்தால் அதை மதியுங்கள். முஸ்லிம் நண்பர் வீட்டு ஜனாஸாவுக்குப் பூ அனுப்புவது வழக்கமில்லை. சைவ வீடுகளில் முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை துடக்கு, அதாவது தீட்டு. அந்த நாட்களில் அந்த வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வந்தாலும் வாழ்த்துப் பூச்செண்டு அனுப்பாதீர்கள்.

8. பூ வந்த பிறகு

பெறுபவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சுற்றிய கடதாசியை உடனே கழற்றச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதென்று அப்படியே வைத்தால் உள்ளே புழுங்கும். தண்டு நுனியில் இரண்டு சென்ரிமீற்றர் சரிவாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டுப் பூச்சாடியில் வைக்க வேண்டும். ஜெர்பராவுக்குத் தண்ணீர் குறைவாக. அதன் தண்டு சீக்கிரம் அழுகும். லில்லி விரிந்ததும் உள்ளே ஆடும் மகரந்தப் பைகளைக் கடதாசித் துண்டால் பிடித்து எடுத்துவிட்டால் மேசைவிரிப்பில் கறை படாது.

சாப்பாட்டு மேசையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூச்சாடியை வைக்க வேண்டாம். பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் விடும் எதிலீன் வாயு பூவை, அதிலும் கார்னேஷனை, ஒரே நாளில் சுருட்டிவிடும். ரோசாவை இரவில் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கலாம், உள்ளே பழம் இல்லாவிட்டால். ஓர்க்கிட்டையும் அந்தூரியத்தையும் வைக்கக் கூடாது. குளிர் பட்டால் கறுத்துவிடும்.

பூ வாடி வந்திருந்தாலோ சொன்னதற்கு மாறாக வந்திருந்தாலோ, வந்த உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பெறுபவரிடம் முதலே பேசி வையுங்கள். கூச்சத்தில் "நல்லா இருக்கு பிள்ளை" என்று சொல்லிவிடுவார்கள். கட்டியதும் கடை அனுப்பிய படம் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து அன்றைக்கே கடைக்கு அனுப்பினால் மாற்றித் தருவார்கள், இல்லையென்றால் காசில் கழிப்பார்கள். மறுநாள் கேட்டால், வீட்டுச் சூட்டில் வாடியது என்ற பதில்தான் வரும்.